நாலாம் நாள், மூன்றாவது பீரியட்

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் பதினாறு வருஷமாக உட்கார்ந்து, "கொஞ்சம் இருங்க, கூப்பிடுவாங்க" என்று ஊருக்கெல்லாம் பொறுமையைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டதால் எனக்கென்று எதுவும் மிச்சமில்லை. என் அக்கா எனக்கு நேர்மாறு. கோபம் வந்தால் அவள் கத்த மாட்டாள். ஸ்கேலை எடுத்துக் கோடு போட ஆரம்பிப்பாள்.

அக்கா பூகோள டீச்சர். ஆனால் பள்ளிக்கூடத்தில் அவளை யாரும் அப்படிச் சொன்னதில்லை, டைம்டேபிள் டீச்சர் என்றால்தான் தெரியும். முப்பத்தெட்டு ஆசிரியர்கள், இருபத்தாறு வகுப்புகள். எந்த டீச்சர் எந்த வகுப்பில் எந்த பீரியடில் நிற்க வேண்டும் என்று இருபத்திரண்டு வருஷம் இவள்தான் கட்டம் போட்டாள். சாப்பாட்டு மேசை அளவுக்கு ஒரு மென்பலகை. அதில் கலர் அட்டைகளைக் குண்டூசியால் குத்துவாள். நடுவில் ஒரு வருஷம் கம்ப்யூட்டர் வந்தது. அது ஒரே கணக்கு வாத்தியாரை ஒரே நேரத்தில் ஏழாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் நிற்க வைத்தது. மூன்றாம் நாளே ஹெட்மாஸ்டர் பலகையைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார்.

அவளுக்கு இரண்டே விதிகள். எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. ஒரே ஆள் இரண்டு இடத்தில் நிற்கக் கூடாது. "மத்ததையெல்லாம் பேசித் தீத்துக்கலாம்" என்பாள்.

போன மே மாதம் அவள் ஓய்வு பெற்றாள். வெளிநாட்டில் இருக்கும் மகள் ஃபோன் பண்ணி, "அம்மா, எங்கயாவது போயிட்டு வாங்க, டிக்கெட் நான் எடுக்கறேன். எங்க போகணும்?" என்று கேட்டாள். மலையா, கடலா, கோயிலா என்று யோசிக்கக்கூட இல்லை அக்கா. அத்தான் வேலை பார்த்த ஊரின் பெயரைச் சொன்னாள்.

அத்தான் ஏசி மெக்கானிக். பாலைவனத்தில் ஒரு பெரிய நகரம், அங்கே பத்தொன்பது வருஷம் இருந்தார். வானத்தைத் தொடுகிற கண்ணாடிக் கட்டடங்களுக்குள் குளிர்காற்று போகிற தகரக் குழாய்களைப் பொருத்துவது அவர் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நாற்பத்தைந்து நாள் லீவில் வருவார். மகளுக்கு சாக்லேட், எனக்கு ஒரு சென்ட் பாட்டில், அக்காவுக்கு ஒரு பேனா பெட்டி. அவர் வேலைக்குக் குடும்பத்தைக் கூட்டிப்போக அனுமதி கிடையாது. ஆகவே அக்கா அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. ஆறு வருஷம் முன்னால் மொத்தமாகத் திரும்பி வந்தார். அதற்கப்புறம் யார் எதற்குப் போகப் போகிறார்கள்?

அக்கா போகிறாள். கூட நானும். "அத்தானும் நீயும் போங்க, நான் எதுக்கு நடுவுல?" என்று கேட்டேன். "உங்கத்தான் வேகமா நடப்பாரு. எனக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் வேணும்" என்றாள். என் வீட்டுக்காரரிடம் கேட்டால், நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் "தாராளமா போயிட்டு வா" என்றார். அவ்வளவு வேகம் எதற்கு என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஐந்து நாள் பயணம். ஒரு நாளைக்கு எட்டு பீரியட் வீதம் நாற்பது கட்டம். பலகை பரணிலிருந்து இறங்கியது. அக்கா அதைத் துடைத்து, கூடத்தில் நாற்காலி மேல் சாய்த்து வைத்து, முகத்தில் அப்படியொரு பிரகாசத்தோடு முன்னால் உட்கார்ந்தாள். ரிட்டையர் ஆனதிலிருந்து அவளை அப்படி நான் பார்க்கவில்லை. புது நகரத்துக்கு நீல அட்டை. பழைய நகரத்துக்குப் பழுப்பு அட்டை.

நீல அட்டைகளுக்கு அத்தான்தான் ஆலோசகர். மனிதர் உற்சாகமாகத்தான் இருந்தார். "இந்தக் கோபுரத்துல நாப்பத்தி மூணாவது மாடி மொத்தமும் எங்க டீம் போட்டது. நீ மேல போய் நின்னுக்கிட்டு சீலிங்கைப் பாரு, காத்து வர்ற சத்தமே கேக்காது" என்றார். எந்த மாலுக்குள் பனிச்சறுக்கு இருக்கிறது, எந்த ரயிலில் முன்பெட்டியில் ஏறினால் ஊர் முழுக்கத் தெரியும், எல்லாம் விரல் நுனியில். உலகமே அண்ணாந்து பார்க்கிற கட்டடத்தில் இவர் சீலிங்கைப் பார்க்கச் சொல்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு. இரண்டே நாளில் இருபத்தெட்டுக் கட்டம் நீலமாகிவிட்டது.

பிறகு அக்கா பழுப்பு அட்டைகளை எடுத்தாள். அவள் ஒரு வழிகாட்டிப் புத்தகம் வாங்கி வைத்திருந்தாள். கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே, உப்பங்கழி ஓரத்தில், நூறு இருநூறு வருஷத்துப் பழைய தெருக்கள் இருக்கின்றனவாம். மண்ணும் பவளக் கல்லும் வைத்துக் கட்டிய சுவர். நிழல் விழட்டும் என்றே குறுக்கிக் கட்டிய சந்துகள். வீடுகளுக்கு மேல் நாலு பக்கமும் திறந்த சதுரக் கோபுரம். மேலே போகிற காற்றைப் பிடித்துக் கீழே கூடத்துக்கு இறக்குமாம்.

"மின்சாரமே இல்லாத ஏசிங்க. நீங்க பாக்க வேண்டிய இடமாச்சே" என்றாள் அக்கா.

அத்தான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மண்ணுச் சுவரும் பூனையும்தான் இருக்கும். அதைப் பாக்க அவ்வளவு தூரம் போகணுமா?"

அக்கா நாலு பழுப்பு அட்டைகளை நாலாம் நாள் வரிசையில் குத்தினாள். காற்றுக் கோபுர வீடு. படகுத்துறை. ரூம். மியூசியம். மூன்றாவது பீரியட்தான் ரூம்.

எந்த ரூம் என்று நான் கேட்கவே இல்லை. அத்தானின் ரூமை எங்கள் குடும்பத்தில் அறியாதவர் கிடையாது. பழைய நகரத்துக்குப் பின்புறம் மூன்றாவது சந்தில், தையல் கடைக்கு மேல் மாடி, நீல இரும்புக் கதவு. உள்ளே போனால் ஒரு பெரிய ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் உப்பங்கழி. வெள்ளிக்கிழமை தோறும் ஃபோன் வரும். அக்கா முதலில் உடம்பைக் கேட்பாள், அடுத்ததாக "ஜன்னல்ல என்ன தெரியுது?" என்பாள். அத்தான் சொல்வார். மரப் படகு, மேல்தளம் முழுக்க வெங்காய மூட்டை. கயிறு சுற்றுகிற ஒரு கிழவர், தோளில் கடற்பறவை. ஒரு வாரம் சூரியன் தண்ணீரிலிருந்து எழும்புவதைச் சொல்வார். இன்னொரு வாரம் அதே தண்ணீரில் சிவப்பாக இறங்குவதைச் சொல்வார். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு நாங்கள் எல்லாரும் கேட்போம். என் ஒண்டுக் குடித்தன வீட்டில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் குக்கர்தான் தெரியும். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

அந்த ஜன்னலுக்குத் திரை தைத்து அனுப்பியதுகூட எனக்கு நினைவிருக்கிறது. அவர் போன முதல் வருஷம். ஃபோனில் அளவு சொன்னார். ஆறேகால் அடி அகலம், மூன்று அடி உயரம். நான்தான் துணியைப் பிடித்துக்கொண்டேன், அக்கா வெட்டினாள். "அப்பா, எவ்வளவு பெரிய ஜன்னல்" என்று சொன்னேன். அக்கா கருநீலத் துணிக்கு உள்பக்கமாகக் கறுப்புத் துணி வைத்து இரட்டையாகத் தைத்தாள். "இவ்வளவு தடிமனா தைச்சா காத்து எப்படி வரும்?" என்று கேட்டேன். "வர்ற காத்து வரட்டும்" என்று மெஷினை மிதித்தாள்.

இப்போது அந்த ரூமைத்தான் அவள் பார்க்க வேண்டும் என்கிறாள். வேறு எதுவும் கேட்கவில்லை. நாற்பது கட்டத்தில் ஒரு கட்டம்.

மறுநாள் காலையில் பலகையில் பழுப்பே இல்லை. நாலாம் நாளில் ஒட்டகச் சவாரி என்று நீல அட்டை. அத்தானின் கோணல் எழுத்து.

அக்கா ஒட்டகத்தைப் பிடுங்கிவிட்டு நாலு பழுப்பையும் மறுபடி குத்தினாள். அன்று மாலை ஒட்டகம் போய் மீன் காட்சிசாலை வந்தது. அடுத்த நாள் பேரம் ஆரம்பித்தது. கோபுர வீடு இருக்கட்டும் என்று அத்தான் ஒத்துக்கொண்டார். படகுக்கும் சரி. மியூசியத்துக்கும் சரி. ரூம் அட்டை மட்டும் காணாமல் போகும். அக்கா புதிதாக ஒன்று எழுதிக் குத்துவாள். காலையில் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் அதுவும் போயிருக்கும். பள்ளிக்கூடத்தில் முப்பத்தெட்டு டீச்சர்களை மேய்த்தவள், வீட்டில் ஒரே ஒரு ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்க முடியவில்லை.

"அந்த பில்டிங்கே இருக்குமோ என்னவோ" என்பார் அத்தான்.

"இருக்கு. டிராவல்ஸ்ல விசாரிச்சேன். அடுத்த வருஷம்தான் அந்த வரிசையைக் காலி பண்ணி, பழைய மாதிரியே புதுப்பிச்சு ஹோட்டல் ஆக்கறாங்களாம். இப்ப விட்டா எப்பவும் இல்ல" என்பாள் அக்கா.

"வேற யாராவது குடியிருப்பாங்க. உள்ள விடுவாங்களா?"

"வாசல்ல நின்னு பாத்தா போதும்."

"ஏறி இறங்கினா உனக்கு முட்டி வலிக்கும்."

"நாப்பத்தி மூணாவது மாடிக்கு மட்டும் வலிக்காதா?"

அதற்கு லிஃப்ட் இருக்கிறது என்று அவர் சொல்லியிருக்கலாம். எழுந்து போய்விட்டார்.

எனக்கு மூக்கில் வியர்த்தது. ஒரு மனுஷன் தான் பத்தொன்பது வருஷம் குடியிருந்த ரூமைப் பெண்டாட்டியிடம் காட்ட மாட்டேன் என்கிறார் என்றால் என்ன அர்த்தம்? எனக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தோன்றியது. தோன்றிய பிறகு என்னால் சும்மா இருக்க முடியுமா? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அந்தத் தையல் கடை எனக்குக் கண்ணில் குத்தியது. தையல் கடை என்றால் தைக்கிறவள் ஒருத்தி இருப்பாள்தானே.

புதன்கிழமை அத்தானே என் கையில் வந்து சிக்கினார். கடைவாயில் இரண்டு பல் கட்ட வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில்தான் பார்க்கிறார். டாக்டர் அவர் வாய் நிறைய அச்சு எடுக்கும் மாவை வைத்து, "மூணு நிமிஷம் அசையாதீங்க, பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

"அத்தான், நேரா கேக்கறேன். அங்க உங்களுக்கு யாராவது இருக்காங்களா?"

அத்தானின் கண்கள் விரிந்தன. தலையை ஆட்டினார். மாவு ஆடியது.

"அசையாதீங்கன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? கண்ணைச் சிமிட்டுங்க போதும். ஆமான்னா ஒரு தடவை, இல்லன்னா ரெண்டு தடவை. அந்தத் தையல் கடைக்காரியா?"

அவர் பத்து தடவை சிமிட்டினார். இது எந்தக் கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

"எங்கக்கா இங்க ஒத்த ஆளா பிள்ளையை வளத்துக்கிட்டு, வாரா வாரம் உங்க ஃபோனுக்கு உக்காந்திருந்தா. அவ தைச்ச திரையை மாட்டிக்கிட்டே உள்ள இன்னொரு குடும்பம் நடத்தினீங்களா? நல்லா இருக்கு அத்தான். ரொம்ப நல்லா இருக்கு."

இன்னும் என்னென்னமோ வாய்க்கு வந்தபடி பேசினேன். மூன்று நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. டாக்டர் வந்து மாவைப் பிய்த்து எடுத்ததும் அத்தான் வாயைக் கொப்பளித்தார், துடைத்தார், என்னை வெளியே வராந்தா பெஞ்சுக்குக் கூட்டிப்போனார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், ஆனால் கண் கலங்கியிருந்தது.

"தையல்காரருக்கு அறுபது வயசு. மீசை இவ்வளவு நீளம்" என்று கை வைத்துக் காட்டினார்.

நான் அசடு வழிந்தேன்.

"அந்த ரூம்ல ஜன்னல் இல்லம்மா."

"என்னது?"

"ஜன்னலே கிடையாது. ரெண்டடுக்குக் கட்டில் ஆறு. பன்னெண்டு பேர். எனக்குக் கீழ்க் கட்டில், கதவுப் பக்கம். பாதிப் பேருக்கு ராத்திரி ஷிஃப்ட். ஒருத்தன் வருவான், ஒருத்தன் போவான், லைட் அணையவே அணையாது. நான் நாள் முழுக்க மத்தவங்களுக்கு ஏசி போடுவேன். எங்க ரூம்ல ஒரு பழைய பெட்டி, அது கத்தற சத்தத்துல ஃபோன்கூடப் பேச முடியாது. அதனால படகுத்துறைக்கு நடந்து போய், அங்க படியில உக்காந்துதான் பேசுவேன்."

"அப்ப வெங்காய மூட்டை? கயிறு சுத்தற தாத்தா?"

"எல்லாம் நெஜம். எதிர்ல இருந்துச்சு. முதல் வாரம் உங்கக்கா கேட்டா, ரூம் எப்படி இருக்குன்னு. அவ குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. நல்லா இருக்கு, ஜன்னல்ல தண்ணி தெரியுதுன்னு சொல்லிட்டேன். சொன்னதும் சிரிச்சா. அப்புறம் அந்த ஜன்னலை எப்படி மூடறது?"

"திரை?"

"கட்டிலோட திறந்த பக்கத்துல கட்டிக்கிட்டேன். பத்தொம்பது வருஷம் அதுக்குள்ளதான் தூங்கினேன்."

அந்த மனிதரைத் தையல்காரியோடு சேர்த்துப் பேசிய வாயைத் தைத்துவிடலாம் போலிருந்தது. அவ்வளவு வெட்கமாக இருந்தது.

"அவ அந்த வாசல்ல வந்து நின்னா, அத்தனை வெள்ளிக்கிழமையும் பொய்யின்னு ஆயிடும். என்னை நம்பித்தான அவ இருந்தா? நீதான் எப்படியாவது அந்த அட்டையை எடுக்க வை. உனக்குப் புண்ணியமா போகும்" என்றார் அத்தான்.

சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டேன். சற்று முன்வரை அவரைக் கூண்டில் ஏற்றியவள், இப்போது அவர் கட்சிக்கு வக்கீல்.

அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போய்ப் பலகை முன்னால் நின்று, "அக்கா, இந்த ரூம் அவசியமா? அந்த நேரத்துல கடைவீதிக்குப் போனா நாலு சாமான் வாங்கலாம்" என்றேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்கு என்ன லஞ்சம் குடுத்தாரு?"

"ஒண்ணும் இல்ல. சும்மா சொன்னேன்."

"நீ சும்மா எதுவும் சொல்ல மாட்டியே" என்றாள். பிறகு ஊசிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, "கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம். அதுல பத்தொம்பது வருஷத்தை நான் பாத்ததே இல்லடி. எனக்கு அந்தக் கோபுரம், ரயிலு, பனி எதுவும் வேணாம். அவரு சாயங்காலம் செருப்பைக் கழட்டிப் போட்ட இடத்தை ஒரு தடவை பாக்கணும். அவ்வளவுதான்" என்றாள்.

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தால் என்னை மாதிரி ஆள் என்ன பண்ணுவாள்? வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் எரிந்து விழுந்தேன். அவர் வழக்கம்போல ஏன் என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்கு டிராவல்ஸ்காரர் வந்தார். நாற்பத்தைந்து வயது, தொப்பை, இரண்டு ஃபோன். அக்காவிடம் எட்டாம் வகுப்பு படித்தவர். இன்னும் அவள் பேச ஆரம்பித்தால் எழுந்து நிற்பார், உட்கார் என்றால்தான் உட்காருவார். அங்கே எல்லாவற்றுக்கும் நேரம் போட்டு டிக்கெட் வாங்க வேண்டுமாம், வேனுக்கும் சொல்லிவிட வேண்டுமாம். அன்று மாலைக்குள் முழுத் திட்டமும் அவர் கைக்குப் போக வேண்டும். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்க டீச்சர்" என்றார்.

அக்கா பலகைக்குப் பக்கத்தில் ஸ்கேலோடு நின்றாள். அத்தான் மூலை நாற்காலியில், மடியில் விரிக்காத பேப்பர். நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நடுவில். முதல் நாள் ஓடியது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள். அக்கா வகுப்பில் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள், அவர் தட்டினார்.

"நாலாம் நாள். முதல் பீரியட், காற்றுக் கோபுர வீடு. ரெண்டாவது, படகுத்துறை." ஸ்கேல் நகர்ந்தது. "மூணாவது பீரியட் காலி."

டிராவல்ஸ்காரரின் விரல் நின்றுவிட்டது. "காலியா டீச்சர்?"

"காலி."

பலகையைப் பார்த்தேன். நாற்பது கட்டத்தில் முப்பத்தொன்பதில் அட்டை. அந்த ஒன்றில் மட்டும் வெறும் பலகை. அவள் இந்த முறை புது அட்டை எழுதவே இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அக்காவின் டைம்டேபிளில் ஒரு காலிக் கட்டத்தை நான் பார்த்தது அன்றுதான். பார்க்கவே என்னவோ போலிருந்தது.

"அந்த நேரத்துல ஏதாவது மாலுக்கு..." என்று ஆரம்பித்தார் டிராவல்ஸ்காரர்.

"வேணாம். அதுல வேற எதையும் வைக்க எனக்கு மனசில்ல" என்றாள் அக்கா. "இவருக்கு இஷ்டமில்லாத எடத்துக்கு இவரை இழுத்துக்கிட்டுப் போகவும் மனசில்ல. அந்த நேரத்துல நாம எங்கயாவது நிழல்ல உக்காந்துக்கலாம். நாலாவது பீரியட், மியூசியம்."

அவள் குரல் கொஞ்சம்கூட மாறவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. சத்தியமாவது ஒன்றாவது என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தான் எழுந்துவிட்டார்.

மேசைக்கு வந்தார். சட்டைப் பையில் கைவிட்டு ஒரு கட்டு எடுத்து வைத்தார். பழுப்பு அட்டைகள். எண்ணினால் ஏழு. ஏழிலும் ரூம், ரூம் என்று அக்காவின் குண்டு எழுத்து. ஒன்றைக்கூட அவர் கிழித்துப் போடவில்லை. பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

"அந்த ரூம்ல ஜன்னல் இல்ல" என்றார். பார்வை அட்டைகள் மேலேயே இருந்தது.

"தெரியும்" என்றாள் அக்கா.

அத்தான் சட்டென்று என் பக்கம் திரும்பினார். நான் இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். "அம்மா சத்தியமா நான் இல்ல அத்தான்."

"அவ சொல்லல" என்றாள் அக்கா. "ஒரே ஜன்னல்ல சூரியன் தண்ணியில உதிக்குது, அதே தண்ணியில அஸ்தமிக்குது. பூகோள டீச்சர்கிட்ட சொல்ற பொய்யா இது? ஒரே ஆள் ரெண்டு எடத்துல நின்னா நான் விடுவேனா? ஆனா அதுக்கெல்லாம் முன்னாடியே தெரியும். திரைக்கு அளவு சொன்னீங்களே. ஆறேகால் அடிக்கு மூணு அடி. எந்த ஊர்ல அப்படி ஜன்னல் வைக்கறாங்க? அது கட்டில் அளவுங்க. கீழ்க் கட்டிலுக்கும் மேல் கட்டிலுக்கும் நடுவுல மூணு அடி."

அந்தத் துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

அத்தான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். "அப்ப அந்தக் கறுப்புத் துணி?"

"மேல கட்டில் இருந்தா ரூம்ல நிறையப் பேர். நிறையப் பேர் இருந்தா எப்பவும் யாராவது லைட் போடுவாங்க. உங்களுக்கு வெளிச்சம் இருந்தா தூக்கம் வராதே. அதான் உள்ள வெச்சுத் தைச்சேன்."

டிராவல்ஸ்காரர் லேப்டாப் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் எதுவும் ஓடவில்லை.

"அங்க வெயில் ஜாஸ்தின்னு தடிமனா தைச்சிருக்கேன்னு நெனச்சேன்" என்றார் அத்தான். "தெரிஞ்சும் ஏன் வாரா வாரம் ஜன்னல்ல என்ன தெரியுதுன்னு கேட்ட?"

"வேற எதைக் கேட்டாலும் களைச்சுப் போன ஆள் மாதிரி பேசுவீங்க. ஜன்னலைக் கேட்டா மட்டும்தான் உங்க குரல் நம்ம வீட்ல இருந்த மாதிரி இருக்கும். அதான் கேட்டேன்."

நான் அழுதேன். வெளிப்படையாகவே அழுதேன், எனக்கு அதில் வெட்கமில்லை. டிராவல்ஸ்காரர் பாவம், இரண்டு ஃபோனில் ஒன்றை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். அது அடிக்கவே இல்லை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அவர் திரும்பி வந்தபோது அத்தான் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஏழு அட்டையில் கசங்காத ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நாலாம் நாள் மூன்றாவது பீரியடில் வைத்து, குண்டூசியை இரண்டு தடவை தவறவிட்டு, மூன்றாவது தடவை குத்தினார்.

"மாடிப்படி செங்குத்தா இருக்கும். நான் முன்னால போறேன், நீ என் தோளைப் பிடிச்சுக்கிட்டு வா" என்றார் அக்காவிடம். "கதவுப் பக்கம் முதல் கட்டில்."

அக்கா தலையாட்டினாள். ஸ்கேலை நாலாவது பீரியடில் வைத்து, மியூசியம் என்ற அட்டையைப் பிடுங்கி மேசையில் போட்டாள். அத்தான் கையிலிருந்து இன்னொரு ரூம் அட்டையை வாங்கினாள்.

"எழுதிக்கோப்பா" என்றாள் டிராவல்ஸ்காரரிடம். "நாலாம் நாள், மூணாவதும் நாலாவதும் சேத்து. டபுள் பீரியட்."